தோற்காதவர்கள் கோயம்புத்தூர் வரலாம்

இலங்கை மலைநாட்டு நுவரெலியாவுக்குப் போகிறோம் என்று தெரிந்ததும் எங்கள் தெருவே எனக்குக் கம்பளி கொடுக்க ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டு டாக்டரம்மா ஒரு ஸ்வெட்டர் கொடுத்தார். கொழுந்தன் ஒரு மங்கி குல்லா வாங்கி வந்தார். என் கடைக்கு வரும் பம்ப் மெக்கானிக்கூட, "காதைப் பொத்திக்குங்க மேடம், காதுலதான் குளிர் ஏறும்" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் கோல்ஃப் கூட்டத்தில் எட்டுப் பேர். எட்டுப் பேரும் இப்படியே மூட்டை கட்டிக்கொண்டு நானுஓயா ரயில் நிலையத்தில் வந்து இறங்கினோம். இறங்கியதும் வெயில் முகத்தில் அறைந்தது. அது போதாதென்று காற்று வந்து தள்ளியது. பிளாட்பாரத்தில் ஒரு பெண்மணி குடையை விரிக்க, அது அடுத்த நொடியே தலைகீழாக மடங்கிக்கொண்டது. அவர் அதைச் சட்டை செய்யாமல் மடங்கிய குடையோடே நடந்து போனார்.

"ஏனுங்க, குளிருமுன்னு சொன்னாங்களே?" என்று கலைச்செல்வி என்னைப் பார்த்தாள், நான்தான் சொன்னேன் என்பது போல. கலை பல் மருத்துவர். பயணங்களில் என் அறைத்தோழி. நான் அதற்குள் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தேன்.

கோல்ஃப் கூட்டம் என்றதும் பெரிய மனிதர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சனிக்கிழமை காலையில் கூடுவதால் எங்களுக்குச் சனிக்கிழமைக் கூட்டம் என்று பெயர். நான் கோயம்புத்தூரில் பம்ப்செட் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். சர்க்கரை ஏறியபோது டாக்டர் நடக்கச் சொன்னார். சும்மா நடந்தால் எனக்குக் கோபம் வரும். முன்னால் ஒரு பந்து போனால் அதைத் துரத்திக்கொண்டு எவ்வளவு தூரமும் நடப்பேன். அப்படித்தான் இந்த ஆட்டத்துக்கு வந்தேன். ஆனால் ஒன்று, தோற்றால் எனக்குச் சோறு இறங்காது. எங்கள் வீட்டில் பல்லாங்குழி ஆடக்கூட என்னை யாரும் கூப்பிடுவதில்லை.

எங்களை அழைத்துப்போக வந்தவர் லோகேஸ்வரன். எல்லோரும் லோகு என்கிறார்கள். நாற்பதைத் தாண்டியவர், சொந்த வேன் வைத்து ஓட்டுகிறார், வாய் ஓயாது. போன வருடம் எங்கள் கேப்டன் ராமசாமி அண்ணன் குடும்பத்தோடு இங்கே வந்தபோது இவர் வேனில்தான் சுற்றியிருக்கிறார். வேன் கண்ணாடியில் சாமி படம் தொங்க வேண்டிய இடத்தில் ஒரு கோல்ஃப் பந்து தொங்கியதாம். அதைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்ததில், வட்டகொடைப் பக்கம் ஆசிரியர்கள், கடைக்காரர்கள், வேன் ஓட்டுநர்கள் என்று எட்டுப் பேர் சேர்ந்து மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப் ஆடுகிறார்கள் என்று தெரிந்தது. தோட்டத்துத் துரைமார் ஒரு காலத்தில் ஆடிய ஒன்பது குழி மைதானம் அங்கே கிடக்கிறது. இவர்களே புல் வெட்டிக்கொள்வதென்றால் ஆடலாம் என்று தோட்டத்தில் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். ஞாயிறு குழு என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். சனிக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கும் ஒரு பந்தயம் வைத்தால் என்ன என்று கேப்டனுக்குத் தோன்றியதன் விளைவுதான் இந்தப் பயணம்.

எட்டுக் கோல்ஃப் பைகளையும் வேன் கூரையில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார் லோகு. "காத்துக்கு ஒன்னும் ஆகாதுங்களே?" என்று நான் கேட்டேன். "மேடம், நான் இதே ரோட்டுல கட்டில், பீரோ எல்லாம் கொண்டு போயிருக்கேன்" என்றார். மூன்றாவது வளைவில் மேலே ஏதோ உருளும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் என் பைதான். எட்டில் ஏழு கூரையிலேயே இருக்க, என்னுடையது மட்டும் தேயிலைச் சரிவில் சாவகாசமாக உருண்டுகொண்டிருந்தது.

கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அதைப் பிடித்து நிறுத்தினார்கள். சிதறிய கம்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேலே கொண்டுவந்து கொடுத்தார்கள். அதில் ஒருவர், என் வயது இருக்கும், இரும்புக் கம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத வச்சு என்னங்க செய்வீங்க?"

"பந்து அடிப்போம்."

"அடிச்சிட்டு?"

"அது எங்க விழுந்திருக்குன்னு தேடிப் போய் மறுபடி அடிப்போம்."

அவர் என்னை ஒரு பரிதாபத்தோடு பார்த்தார். "யாரும் செய்யச் சொல்லிச் செய்றீங்களா, நீங்களாத்தான் செய்றீங்களா?"

நாங்களாகத்தான் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எவ்வளவு யோசித்தாலும் அந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

அதற்குள் பின்னால் ஒரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. டிரைவர் தலையை நீட்டிச் சிங்களத்தில் ஏதோ கேட்டார், லோகுவும் சிங்களத்திலேயே பதில் சொன்னார். டிரைவர் சிரித்துக்கொண்டே காத்திருந்தார். என்ன கேட்டார் என்று விசாரித்தேன். "இவ்வளவு நீளப் பையில என்ன இருக்குன்னு கேட்டாரு. தூண்டில்னு சொல்லிட்டேன். கோல்ஃப்னு சொன்னா வெளக்கம் சொல்ல நேரமாகுமுங்க" என்றார் லோகு.

அன்று மாலை தங்குமிடத்துக்கு ஜோசப் சேர் வந்தார். இங்கே ஆசிரியர்களைச் சேர் என்றுதான் சொல்கிறார்கள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், ஞாயிறு குழுவின் செயலாளர், ஆனால் ஆடுவதில்லை. கோல்ஃப் விதிகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம், சிரிப்பு மட்டும் அபூர்வம். சூடான ரொட்டியும் கட்டச் சம்பலும் வந்தன. வெங்காயமும் மிளகாய்த் தூளும் சேர்த்து இடித்த அந்தச் சம்பலைச் சட்னி மாதிரி அள்ளிப் போட்டுக்கொண்ட கேப்டனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிளேன்டி குடித்து ஆற்றிக்கொண்டார். பால் இல்லாத தேநீரைத்தான் இங்கே பிளேன்டி என்கிறார்கள். எங்கள் ஊரில் பால் இல்லாமல் டீ கொடுத்தால் ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம். இங்கே அதுதான் உபசாரம், குடித்துப் பார்த்தால் நியாயமாகவும் இருந்தது.

காரம் தலைக்கேறியதாலோ என்னவோ, கேப்டன் எழுந்து ஓர் அறிவிப்பு செய்தார். ஒருவருக்கு ஒருவர் ஆட்டம். ஞாயிறு குழுவில் யார் யார் தோற்காமல் முடிக்கிறார்களோ, அவர்கள் அத்தனை பேரும் இந்த வருடமே கோயம்புத்தூருக்கு எங்கள் விருந்தாளிகளாக வந்து ஆட வேண்டும். ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை, சமமாக முடித்தாலே போதும். ஜோசப் சேர் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு ஜோடி பிரித்தார்கள். எனக்கு லோகு.

மறுநாள் இறம்பொடை அருவிக்கும் அங்கிருக்கும் அனுமார் கோயிலுக்கும் போனோம். லோகுவின் மனைவி பத்மாவும் வேனில் வந்தார். தோட்டப் பள்ளியில் டீச்சர், சனிக்கிழமை விடுமுறை, அனுமாருக்கு ஏதோ வேண்டுதல். வழியெல்லாம் வெயிலில் கண் கூசியது. அருவியில் தண்ணீர் மெலிந்திருந்தது. "இந்த வருசம் வெயில் ஒரு மாதிரிங்க" என்று டீக்கடையில் எல்லோரும் சொன்னார்கள். நாங்கள் எதைப் பார்த்தாலும் "ஊட்டி மாதிரியே இருக்கு" என்றோம். நாலாவது முறை சொன்னபோது லோகு, "ஊட்டிக்குப் போனா இறம்பொட மாதிரியே இருக்குன்னு சொல்வீங்களா மேடம்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் அந்த வார்த்தையையே எடுக்கவில்லை.

கேப்டனுக்கு ஒரு பழக்கம், யாரைப் பார்த்தாலும் பூர்வீகம் கேட்பார். வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து ஆரம்பித்தார்.

"ஏனுங்க தம்பி, உங்களுக்குப் பூர்வீகம் எந்த ஊருங்க?"

"வட்டகொடைங்க."

"அதுக்கு முன்னால?"

"அதுக்கு முன்னாடியும் வட்டகொடைதாங்க."

"அதில்லீங்க, இந்தியாவுல..."

"அது தாத்தாவோட அப்பாவத்தான் கேக்கணுங்க. நான் அங்கிட்டு வந்தா ஊரு தேடி எல்லாம் வரமாட்டேன். கோல்ஃப் ஆடத்தான் வருவேன்."

எனக்கு அந்த நிமிடமே இவரைப் பிடித்துப் போனது. அதோடு ஒரு சங்கடமும் சேர்ந்துகொண்டது. பிடித்தவரைத் தோற்கடிப்பது கொஞ்சம் கஷ்டம்.

கோயில் படிகளில் காற்று ஆளையே தூக்கப் பார்த்தது. கேப்டனின் தொப்பி பறந்து பள்ளத்தாக்கில் இறங்கி, தேயிலை மேல் கொஞ்ச தூரம் சவாரி செய்து மறைந்தது. வழுக்கைத் தலை, உச்சி வெயில். வேறு வழியில்லாமல் மங்கி குல்லாவை எடுத்து மாட்டிக்கொண்டார். அந்த வெயிலில் காதை மூடிய குல்லாவோடு அனுமார் முன்னால் அவர் கைகூப்பி நின்ற காட்சியைப் பார்த்து ஒரு சிங்களக் குடும்பம் தங்களுக்குள் பேசிக்கொண்டது. பத்மா காதில் விழுந்ததை எனக்குத் தமிழில் சொன்னார்: "பாவம், அந்த ஐயாவுக்குக் காய்ச்சல் போல, கும்பிட வந்திருக்காருன்னு சொல்றாங்க."

திரும்பும்போது பத்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். கணவர் காதில் விழாதபடி மெதுவாகப் பேசினார்.

"அவரு எல்லார்கிட்டயும் கோயம்புத்தூர் போறேன்னு சொல்லிட்டாருங்க மேடம். வேன்காரங்க, தோட்டத்து ஆளுங்க, என் ஸ்கூல் பிள்ளைங்களுக்குக்கூட தெரியும். நேத்து நைட்டே பாஸ்போர்ட்ட எடுத்து மேசையில வச்சிட்டாரு."

"நேத்துத்தானே கேப்டன் அறிவிச்சார்?"

"அதாங்க. நாளைக்குத் தோத்துட்டா ஒரு மாசத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரிவாரு. நான்தான் வச்சுச் சமாளிக்கணும்."

"டீச்சர், அதுக்காக நான் விட்டுக் குடுத்து ஆட முடியாதுங்களே."

"ஐயோ!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "விட்டுக் குடுத்தீங்கன்னு தெரிஞ்சா அதவிட மோசம். இளவயசுல வெளியூர்ல ஒரு மைதானத்துல கேடி வேல பாத்தவருங்க அவரு. ஆளுங்க பாவம் பாத்துக் குடுக்கறத வாங்கி வாங்கி அலுத்துப் போச்சும்பாரு. நீங்க ஒழுங்கா ஆடுங்க. அவரும் ஒழுங்கா ஆடட்டும்."

கேடி என்றால் ஆடுபவரின் பையைச் சுமந்து, பந்தைத் துடைத்து, குழியில் நிற்கும் கொடியைப் பிடிக்கும் ஆள். நான் அவர் கையைத் தட்டிக் கொடுத்தேன். எனக்கு இதைவிட வசதியான வேண்டுகோளை யாரும் வைத்ததில்லை. ஆனாலும் அன்று சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. வட்டகொடை, நுவரெலியாவைவிடத் தாழ்வான இடம், வெயில் இன்னும் உறைத்தது. மைதானத்தைச் சுற்றி மூன்று பக்கமும் தேயிலை, ஒரு பக்கம் கீழே ரயில் பாதை. மூன்றாவது குழிக்குப் போகும் வழியை ஒரு நடைபாதை குறுக்கே வெட்டுகிறது. சர்ச்சுக்குப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள், கேஸ் சிலிண்டர் தூக்கிப் போகிறவர் எல்லோரும் கடந்த பிறகுதான் அடிக்க வேண்டும். சிலிண்டர்காரர் நடுவில் நின்று, "அடிங்க அடிங்க, நான் பாத்துக்கிறேன்" என்று தைரியம் சொன்னார். எங்களுக்குத்தான் தைரியம் வரவில்லை.

எங்கள் எட்டுப் பேருக்கு எட்டுப் பை, அவர்கள் எட்டுப் பேருக்கு ஐந்து பை. நாலு பையை ஏழு பேர் பங்கிட்டுக்கொண்டு, ஒரே கம்பு இருவருக்கும் தேவைப்பட்டால் கூப்பிட்டு வாங்கிக்கொண்டார்கள். லோகுவிடம் மட்டும் சொந்தப் பை இருந்தது. எங்கள் கேப்டன் மங்கி குல்லாவோடே ஆடினார். மற்றவர்களின் தொப்பிகள் பறக்கப் பறக்க, கடைசியில் அவரைப் பார்த்துத்தான் பொறாமையாக இருந்தது.

எங்கள் ஆட்டம் கடைசி ஜோடி. நடுவர் மாதிரி ஜோசப் சேர் கூடவே நடந்தார். கணக்கு எளிது. ஒவ்வொரு குழியிலும் யார் குறைந்த அடியில் பந்தை உள்ளே போடுகிறாரோ அந்தக் குழி அவருக்கு. ஒன்பது முடிவில் அதிகக் குழி வாங்கியவர் ஜெயித்தவர்.

முதல் அடியே நான் அருமையாக அடித்தேன். பந்து மேலே போனது, நின்றது, காற்று அதைத் திருப்பிக்கொண்டு வந்து கிட்டத்தட்ட என் காலடியில் போட்டது. லோகு சிரிக்கவில்லை. அடுத்து அவர் அடித்ததும் தேயிலைக்குள் போனது. நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். அதன் பிறகு இருவருக்கும் கூச்சம் விட்டது. முதல் குழி எனக்கு, இரண்டாவது அவருக்கு.

இரண்டாவது முடிந்து நடக்கும்போது என் தோள் லேசாக இருப்பது போலப் பட்டது. திரும்பினால் லோகு தன் பையை ஒரு தோளிலும் என் பையை இன்னொரு தோளிலும் மாட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

"லோகு, அது என் பை."

அவர் நின்று இரண்டு தோளையும் மாறி மாறிப் பார்த்தார். "அட கடவுளே. கை அதுவா எடுத்திருச்சுங்க" என்று இறக்கி வைத்தார். நான்காவது குழியில் நான் அடித்த பந்து புதருக்குள் போய் விழ, "நல்ல அடிங்க மேடம்!" என்று குரல் கொடுத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஜோசப் சேர், "லோகு, நீ இன்னைக்கு ஆட வந்திருக்க, ஞாபகம் வச்சுக்க" என்றார். பாடம் தவறிய மாணவனிடம் சொல்லும் அதே தொனி.

அதற்குப் பிறகு லோகு ஒழுங்காக ஆடினார். நானும்தான். மூன்றும் நான்கும் சமமாகியிருந்தன. ஐந்து அவருக்கு, ஆறு எனக்கு. ஏழும் எட்டும் சமம். எட்டு முடிந்தபோது யாரும் முன்னால் இல்லை. அதற்குள் மற்ற ஆட்டங்கள் முடிந்து எல்லோரும் கடைசிக் குழியைச் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். ஞாயிறு குழுவில் நாலு பேர் ஏற்கெனவே கோயம்புத்தூரைப் பிடித்துவிட்டார்கள் என்று கைகாட்டிச் சொன்னார்கள். பத்மா கைக்குடையை மடக்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். எங்களுக்குக் கீழே ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனது, எட்டிப் பார்த்த பயணிகள் கையசைத்தார்கள்.

ஒன்பதாவது குழியில் இரண்டு பேரும் நாலு அடியில் கிரீனுக்கு வந்து சேர்ந்தோம். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையைத்தான் கிரீன் என்பது. என் பந்து ஓர் அறையின் நீளம் தள்ளிக் கிடந்தது. லோகுவின் பந்து குழிக்குக் கிட்டே, இரண்டு எட்டுத் தூரம். நான் ஐந்தாவதில் போடாவிட்டால் அவர் போட்டு ஜெயித்துவிடுவார். நான் என் பந்துக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது லோகு வந்தார். சகஜமாகக் குனிந்தார். என் பந்து இருந்த இடத்தில் ஒரு காசை வைத்து அடையாளம் செய்து, பந்தை எடுத்தார். சட்டை நுனியில் மண் போகத் துடைத்தார். இரண்டு விரலில் பிடித்து என்னிடம் நீட்டினார்.

"இந்தாங்க மேடம்."

காற்று கொடியைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. லோகு என் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். அவர் முகம் வெளிறியதை நான் கண்ணால் பார்த்தேன்.

எதிராளியின் பந்தை அவர் கேட்காமல் கையால் எடுத்தால் எடுத்தவருக்கு ஓர் அடி அபராதம். இது எல்லோருக்கும் தெரிந்த விதி. வேறு எந்த ஆட்டக்காரரும் இந்தத் தப்பைச் செய்யமாட்டார். அடுத்தவர் பந்தைத் துடைக்க வேண்டும் என்று யார் கைக்குத் தோன்றும்?

"நான் ஒன்னும் கேக்கல, ஒன்னும் பாக்கல" என்று நான்தான் முதலில் சொன்னேன். உண்மையில் அப்படித்தான் விட்டுவிட நினைத்தேன். ஜோசப் சேரும் ரயில் போன திசையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எடுத்தேன் சேர்" என்றார் லோகு. குரல் தெளிவாக இருந்தது. "எழுதிக்கிருங்க. எனக்கு இப்ப அஞ்சு."

பந்தைக் காசுக்குப் பக்கத்தில் நான் வைத்தேன். இப்போது நிலைமை தலைகீழ். நான் இந்த அடியில் போட்டால் எனக்கு ஐந்து, ஆட்டம் முடிந்தது. கலை என் பின்னால் வந்து, "கொஞ்சம் மெதுவா அடிச்சாத்தான் என்ன கண்ணு?" என்று கிசுகிசுத்தாள். எனக்குக் கோபம் வந்தது. முந்தின நாள் பத்மா பிடித்த பிடி இன்னும் என் கையில் இருந்தது. ஒழுங்காக ஆடினேன். சத்தியமாகப் போடத்தான் அடித்தேன். பந்து குழியின் ஓரத்தை உரசிக்கொண்டு தாண்டிப் போனது. பின்னாலேயே போய் அடுத்த அடியில் போட்டேன். எனக்கு ஆறு.

லோகு இதை உள்ளே போட்டால் அவருக்கும் ஆறு. சமம், கோயம்புத்தூர். தவறினால் வீடு.

இரண்டு எட்டுத் தூரம்தான். காற்றில்லாத நாளில் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். ஆனால் குனிந்தவர் காற்று வீச நிமிர்ந்துவிட்டார். மறுபடி குனிந்தார், மறுபடி நிமிர்ந்தார்.

கோல்ஃபில் ஒரு வழக்கம் உண்டு. எதிராளியின் பந்து குழிக்குக் கிட்டே இருந்தால், "அடிக்க வேண்டாம், விழுந்ததா வச்சுக்குங்க" என்று விட்டுக் கொடுக்கலாம். வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அவ்வளவுதான், அவர் வேண்டாம் என்றாலும் செல்லாது. எங்கள் சனிக்கிழமைகளில் இதைவிடத் தூரத்துப் பந்துக்கெல்லாம் விட்டுக் கொடுத்திருக்கிறோம். நாலே வார்த்தை. தோற்றால் சோறு இறங்காத நானே சொல்லத் தயாராக இருந்தேன். வாயைத் திறந்தும் விட்டேன்.

லோகு தலையைத் தூக்காமலேயே, "அக்கா, சொல்லிறாதீங்க" என்றார்.

அதுவரை நான் அவருக்கு மேடம். வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் சும்மா இருந்ததற்காக இவ்வளவு சிரமப்பட்டதில்லை.

காற்று கொஞ்சம் தணிந்தது. தேயிலை இலைகள் அசைவை நிறுத்தின. லோகு அடித்தார். பந்து அவசரமில்லாமல் உருண்டு, வலது விளிம்பில் ஒருகணம் தயங்கி, உள்ளே போய் டொக் என்று சத்தம் கேட்டது.

சத்தம் கேட்டதும் நான்தான் முதலில் கத்தினேன். என்னை நானே தோற்கடித்துக்கொண்ட மாதிரி ஒரு சந்தோஷம். ஞாயிறு குழு மொத்தமும் லோகு மேல் விழுந்தது. சிரிக்காத ஜோசப் சேர் சிரித்தார், அழகான பல்வரிசை என்று கலை பிறகு சொன்னாள். பத்மா மட்டும் நின்ற இடத்திலேயே நின்று குடையை விரித்து, அது தலைகீழாக மடங்க, "சரி, அப்ப ஒரு சூட்கேஸ் வாங்கணும்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

மதியச் சாப்பாடு மைதானத்தின் பழைய கட்டடத்துத் தாழ்வாரத்தில். குழுவின் குடும்பங்கள் எல்லாம் சமைத்துக்கொண்டு வந்திருந்தன. சோறு, பருப்பு, நெத்தலிக் கருவாட்டுப் பொரியல், வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் லீக்ஸை நறுக்கி வதக்கிய சுண்டல். பீன்ஸை இங்கே போஞ்சி என்கிறார்கள், பெயர் மாறியதாலோ என்னவோ கேப்டன் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். மண்சட்டித் தயிரில் கித்துள் பனையின் பாகான கித்துள் பாணி ஊற்றித் தந்தார்கள். என் சர்க்கரையை ஒருநாள் மறந்தேன். நெடுநாளைக்குப் பிறகு, ஜெயிக்காத ஒரு நாளில் எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

லோகு தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, உங்க மைதானத்துல கேடிங்க இருக்காங்களா?"

"இருக்காங்க."

"எனக்கும் ஒருத்தர் வருவாரா?"

"வராம எப்படி? ஆடறவங்க ஒவ்வொருத்தருக்கும் உண்டு."

அவர் சோற்றில் பருப்பை விட்டுப் பிசைந்தார். "அப்ப அவரு பேரக் கேட்டு முன்னுக்கே எனக்குச் சொல்லிருங்க. நாங்க வேல பாத்த எடத்துல எங்களுக்கு நம்பர்தாங்க்கா. நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. வருசக்கணக்கா நான் யாரு பையத் தூக்குனேனோ அவருக்குக்கூட என் பேரு தெரியாது."

கேட்க வேண்டியதில்லை, என் பையைத் தூக்குபவரையே அவருக்கு அனுப்பிவைக்கிறேன் என்றேன். பெயர் சின்னராசு.

"சின்னராசு" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். எதிரே யாரோ நிற்பது போல, மரியாதையாக, இன்னொரு முறை சொன்னார்.

"சின்னராசு, இந்தக் காத்துக்கு நாம எந்தக் கம்ப எடுக்கலாங்க?"